காது ஓய்ந்த பிறகு வாங்கிய டேக்

அன்று கடையில் நான்கு பேர் இருந்தோம். ராயபுரத்தில் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் விற்று, பழுதும் பார்க்கிற கடைக்காரர். என் மனைவி. என்னோடு பனியன் நிட்டிங் கம்பெனியில் வேலை செய்கிற தூத்துக்குடிக்காரர். நான்காவது நான்.

சனிக்கிழமை. ஷிஃப்ட் முடிந்து நானும் தூத்துக்குடிக்காரரும் நேரே வந்திருந்தோம். மனைவி வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தாள்.

வாங்க வந்தது ஒரு டேக். போனில் வருகிற பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற சின்னப் பெட்டி. போனுக்குள்ளேயே அந்த வேலை நடக்கும். ஆனால் வெளியே தனியாக ஒன்று வைத்தால் இன்னும் தெளிவாக வரும் என்று தூத்துக்குடிக்காரர் சொல்லியிருந்தார். அவர் வீட்டில் ஒன்று இருக்கிறது.

போன் சரியில்லை, அதனால் டேக் வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். உண்மைக் காரணம் வேறு.

நான் பனியன் துணி பின்னுகிற வட்ட மெஷின் ஓட்டுகிறவன். இருபத்திரண்டு வருஷம். ஊசி ஒன்று உடைந்தால் மெஷின் சத்தம் மாறும். அத்தனை இரைச்சலுக்குள் லேசாக ஒரு டிக். காதில் விழுந்ததும் நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் துணி நெடுகக் கோடு விழும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காது சொல்லிவிடும். அதற்குத்தான் சம்பளம்.

பத்து நாளைக்கு முன்பு என் மெஷினைத் தூத்துக்குடிக்காரர் ஓடி வந்து நிறுத்தினார்.

"என்ன அண்ணாச்சி, ஊசி போயிட்டு. அங்கன வரைக்கும் கேக்கு. ஒமக்கு கேக்கலையா?"

"போன்ல பேசிட்டிருந்தேனுங்க" என்றேன்.

போன் லாக்கரில் இருந்தது. அவருக்கும் தெரியும். கோடு விழுந்த துணியை அறுத்து எடுத்தார். சூப்பர்வைசரிடம் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்குப் போய் ஒரு பழைய பாட்டைப் போட்டேன். சின்ன வயதிலிருந்து பழகிய பாட்டு. தொடக்கத்தில் சின்ன மணி ஒன்று தட்டிக்கொண்டு போகும். அதற்குப் பிறகுதான் குரல் வரும். அன்று மணியைக் காணோம். நேரே குரல் வந்தது. மனைவி பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உனக்கு மணி வந்ததா என்று ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். வாய் வரவில்லை. பயம்.

டேக் வைத்து மணி திரும்ப வந்தால் குற்றம் போனுடையது. வராவிட்டால் என் காதுடையது. காது போனால் மெஷின் போகும். வேறு வேலை எனக்குத் தெரியாது.

கடைக்காரர் மூன்று எடுத்து வைத்தார். ஒன்று சுண்டுவிரல் நீளத்துக்கு ஒயர் மாதிரி. ஒன்று தீப்பெட்டி அளவு, பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு துளை. மூன்றாவது பெரியது. திருகு இருந்தது, நீல விளக்கு இருந்தது.

பெரியதை மாட்டி நானே முழுக்கத் திருகினேன். சுரீர் என்று வந்தது.

"இதுதான்! இது நல்லாக் கேக்குது புள்ள!"

மனைவி காதைப் பொத்தினாள். "ஏனுங்க, கொறைங்க. ரோட்டுல போறவங்க திரும்பிப் பாக்கறாங்க."

"என்ன?"

"எதுக்குக் கத்தறீங்க? பக்கத்துலதான நிக்கறேன்." கடைக்காரரிடம் திரும்பினாள். "ஊட்டுல மல்லித்தழை இல்லையான்னு இவரு என்னைக் கேட்டா, பக்கத்து ஊட்டுக்காரி கொண்டாந்து குடுத்துட்டுப் போறாங்க."

"அப்போ அண்ணாச்சிக்கு மல்லிச் செலவு மிச்சம்" என்றார் தூத்துக்குடிக்காரர்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. "என்ன வேலைங்ணா?"

"நிட்டிங்குங்க."

"இப்ப ஷிஃப்ட் முடிச்சு வர்றீங்களா?"

"ஆமாங்க."

மூன்றையும் எடுத்து உள்ளே வைத்தார். "அப்ப இன்னிக்கு வேண்டாங்ணா. சனிக்கிழமை வர்ற நிட்டிங்காரங்க எல்லாரும் இந்தப் பெருசத்தான் கேக்கறாங்க. மக்காநாளே ஊட்டுல சண்டைன்னு திருப்பிக் கொண்டாராங்க. மெஷின் சத்தம் காதுலயே நிக்குமுங்க. நாளைக்கு மத்தியானம் வாங்க. அதுவரைக்கும் டிவிகூட வேண்டாம்."

ஞாயிறு காலை மனைவி மிக்ஸி போடவில்லை. சட்னியை அம்மியில் அரைத்தாள். அவள் என்ன நினைத்தாள் என்று தெரியாது. பக்கத்துக் கம்பெனிகள் ஓடவில்லை. தெருவே அமைதி. என் காதில் மட்டும் உய்ங் என்று ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எப்போது தொடங்கியது என்று யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை.

மத்தியானம் அதே நான்கு பேர்.

"சத்தம் கூட இருந்தாலே நல்லா இருக்கற மாதிரி தோணுமுங்க. அதனால மூணையும் ஒரே அளவுல வெச்சிருக்கறேன்" என்றார் கடைக்காரர். "பெருசு ஹெட்போன் போடறவங்களுக்கு. சின்னது பஸ்ஸுல போறவங்களுக்கு. உங்க ஊட்டுலதான் ஆம்ப்ளிஃபயர் இருக்குதே. தீப்பெட்டி போதும். செவப்பு வெள்ளை ஒயரு நேரா அதுல சொருகிக்கலாம். கரண்டு போன்லயே எடுத்துக்கும். வெளக்குக்கு எதுக்குங்ணா காசு குடுக்கறீங்க?"

தீப்பெட்டியில் என் பாட்டைப் போடச் சொன்னேன்.

"தொடக்கத்துல மணி வருமுங்க. எல்லாரும் எண்ணுங்க. கண்ணை மூடிக்கோணும். பேசக் கூடாது."

நானாகக் கேட்டது அது ஒன்றுதான். மேஜைக்குக் கீழே, காதில் விழுந்த மணிக்கு ஒரு விரலாக மடக்கிக்கொண்டே வந்தேன். குரல் வந்ததும் கண்ணைத் திறந்தேன்.

"பன்னெண்டுங்க" என்றாள் மனைவி.

"பன்னெண்டு" என்றார் கடைக்காரர்.

"பதினொண்ணு" என்றார் தூத்துக்குடிக்காரர். பிறகு, "கடைசி ஒண்ணு கொரலோட சேந்து வருதோ?" என்றார். அதன் பிறகு அவர் கேலி பேசவில்லை.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"பன்னெண்டு" என்றேன்.

மனைவி மேஜைக்குக் கீழே கையை விட்டு என் கையைப் பிடித்தாள். மடங்கியிருந்த விரல்களைத் தடவிப் பார்த்தாள். ஐந்து. விட்டுவிட்டாள்.

"தீப்பெட்டியே குடுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னாள்.

நல்ல பெட்டி. அது இல்லாமல் ஒன்றுகூட விழாத மணி, ஐந்து தடவையாவது விழுகிறது. போன் மீதும் கொஞ்சம் குற்றம் இருந்தது. கொஞ்சம்தான்.

மனைவி டாக்டரிடம் கூட்டிப் போனாள். போனது வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் அவர். இப்போது காதில் பஞ்சு மாதிரி ஒன்றை அடைத்துக்கொண்டு மெஷின் ஓட்டுகிறேன். மெஷின் சட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்கிறேன். ஊசி உடைந்தால் கையில் ஒரு தட்டு தெரிகிறது. ஒரு நொடி தாமதம்தான். தூத்துக்குடிக்காரரும் காதை அடைக்கிறார். அவரும் கை வைக்கிறார்.

ஒவ்வொரு ஞாயிறு மத்தியானமும் அதே பாட்டு. நான் என்னையே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது என்று ஆம்ப்ளிஃபயர் திருகில் மனைவி நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாள். கோட்டைத் தாண்டித் திருகக் கூடாது. நான் கண்ணை மூடுகிறேன். விரல் மடக்குகிற என் கையை அவள் பிடித்துக்கொள்கிறாள்.

ஆறு மாதம் ஐந்திலேயே நின்றது.

போன ஞாயிறு, நான்கு.