மாரிசெல்வி பெய்யவைத்த மழை

ஊர் மழையை மாரிசெல்வி வெளிநாட்டுக்காரனுக்கு விற்றுவிட்டாள் என்று ஓட்டப்பிடாரம் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். பதிலுக்கு என்ன வாங்கினாளாம்? ஸ்கூட்டர் என்றார் ஒருவர். கதை மணியாச்சி ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஸ்கூட்டர் லண்டன் வேலையாக வளர்ந்திருந்தது. இந்த வருடம் இந்தப் பக்கம் நன்றாக விளைந்தது இது ஒன்றுதான் என்பதால், வேரைப் பார்த்துவரக் கிளம்பினேன்.

ஊர்ப் பெயர் வேண்டாம், கெட்டது போதும். ஸ்கூட்டர் இல்லை. மாரிசெல்வி லண்டனிலும் இல்லை. தலையில் பச்சைத் தொப்பியோடு ஆட்டுக்குட்டிக்குப் புட்டியில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள்.

“நீங்களும் மழையக் கேட்டுத்தான் வந்தீயளா அண்ணாச்சி?”

“விலை விசாரிக்க வந்தேன்.”

“வித்துப்போச்சு” என்றாள். சிரிக்கவில்லை.

வயது இருபத்திரண்டு. அப்பா செண்பகராஜ் ஊரார் நிலங்களில் கிடை போடுகிறவர். ஆடுகளை அடைத்து வைத்து எருவுக்குக் கூலி வாங்குவார். மகள் வேதியியலில் பட்டம் வாங்கினாள். அந்தப் படிப்புக்கு இரண்டு வருடத்தில் வந்த ஒரே அழைப்பு, குளத்தூர் உப்பளத்தில் மூட்டை எடை பார்ப்பது. அப்போதுதான் உலகத்தை முன்னேற்றும் வெளிநாட்டு அமைப்பு ஒன்று கோவில்பட்டியில், பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில், கிளை திறந்தது. ‘இளையோர் நீடித்த வளர்ச்சிப் பயிற்சி’, ஆறு மாதம். சம்பளம் கிடையாது, தொப்பி உண்டு. முடிவில் ஒரு சான்றிதழ். அதைக் காட்டினால் வேலை கிடைக்கும் என்று சொன்னார்கள். யாரிடம் காட்டுவது என்று சொல்லவில்லை.

மாரிசெல்வியின் வேலை மழை அளப்பது. வீட்டு மொட்டைமாடியில் பிளாஸ்டிக் குவளை ஒன்றை வைத்துக் கொடுத்தார்கள். தினமும் காலை எட்டரைக்குப் பார்த்து, அளவைச் செல்போன் செயலியில் போடவேண்டும். ஊருக்கும் ஒரு லாபம் இருந்தது. இங்கே புரட்டாசியில் காய்ந்த கரிசலில் விதையைப் போட்டுவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். நாற்பத்தைந்து நாளில் முப்பது மில்லிமீட்டருக்குக் குறைவாகப் பெய்தால், மறுவிதைப்புக்கு உளுந்து விதையை அமைப்பே தரும். எவ்வளவு பெய்தது என்பதற்கு மாரிசெல்வி சொல்வதுதான் சாட்சி.

முதல் நாள் மழை இல்லை. பூஜ்யம் போட்டாள். செயலி சிவந்தது: ‘இன்றைய பதிவு விடுபட்டுள்ளது.’ மழை வரவில்லை என்பது அதற்குப் புரியவில்லை. மாரிசெல்வி வேலைக்கு வரவில்லை என்று புரிந்துகொண்டது. மூன்று சிவப்பு விழுந்தால் பயிற்சி ரத்து. கோவில்பட்டிக்குப் போன் போட்டாள். ஒருங்கிணைப்பாளர் பெனிட்டோ நல்ல மனிதர், அவசரத்தில் இருந்தார்.

“ஒண்ணு போடும்மா. ஒண்ணுல என்ன வந்துரப் போவுது?”

போட்டாள். செயலி பச்சையானது. அடுத்த நாளும் ஒன்று, அதற்கடுத்த நாளும் ஒன்று.

“படிச்ச பிள்ளை. அதையெல்லாம் கூட்டினா என்ன ஆகும்னு யோசிக்கலையா?” என்று கேட்டேன்.

“ஒண்ணுங்கறது மழையா அண்ணாச்சி? இங்கன ஒரு உழவு மழை, ரெண்டு உழவு மழைன்னுதான் சொல்லுவாவ. ஏர் இறங்குத அளவுக்கு மண்ணு நனையலன்னா அதுக்குப் பேரே கிடையாது. ஒண்ணு போட்டாலும் ஒண்ணுமில்லன்னுதான் அர்த்தம். அதப் போயி கூட்டுவாவன்னு யாருக்குத் தெரியும்?”

கூட்டினார்கள். நாற்பத்தைந்து நாள், நாற்பத்தைந்து மில்லிமீட்டர். விதை பெறும் ஊர்களின் பட்டியல் வந்தபோது இந்த ஊர் வேறொரு பட்டியலில் இருந்தது: ‘போதிய மழை பெற்ற கிராமங்கள்.’

ஒன்றரை ஏக்கர் உளுந்தை எறும்புக்குக் கொடுத்துவிட்டு மறுவிதைக்குக் காத்திருந்த கொம்பையா, அந்தத் தாளை வாங்கிக்கொண்டு மாரிசெல்வி வீட்டுக்கே வந்தார். “ஏட்டி, எப்பப் பெஞ்சுது? நான் தூங்கிட்டனோ? எழுப்பியிருக்கலாம்லா?” என்று கேட்டாராம். அன்று சாயங்காலமே, பெய்த மழை எங்கே போனது என்று ஊர் யோசிக்கத் தொடங்கியது. விற்பனைக் கதை அங்கேதான் முளைத்தது.

மாரிசெல்வி மறுநாளே உண்மையை எழுதி அனுப்பினாள். நாற்பத்தைந்தும் பூஜ்யம், தப்பு என்னுடையது, ஊருக்கு விதை கொடுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. அவள் நேர்மையைப் பாராட்டியிருந்தார்கள். பயிற்சியை ரத்து செய்திருந்தார்கள். பதிவுகள் நம்பத்தகாதவை ஆகிவிட்டதால் ஊர் ‘தகவல் இல்லாத கிராமம்’ என்ற மூன்றாவது பட்டியலுக்குப் போனது. அந்தப் பட்டியலுக்கு ஒன்றும் கிடையாது.

கோவில்பட்டியில் மாடி ஏறி பெனிட்டோவைப் பார்த்தேன். “ஒண்ணு போடச் சொன்னது நீங்கதானே?”

“நான்தான் சார். எனக்கும் டிசம்பரோட கான்ட்ராக்ட் முடியுது.” மாடிப்படி வரை கூடவே வந்து, “அடுத்த பேட்சுக்கு இந்தப் பொண்ணு கதையைத்தான் பாடமா வைக்குதோம். பேரு போடல” என்றார், ஆறுதல் மாதிரி.

ஆக, வதந்தி முழுப் பொய்யல்ல. மழை கைமாறியது நிஜம். வாங்கினவனும் ஒன்றும் கொடுக்கவில்லை, விற்றவளுக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை என்பதை மட்டும் டீக்கடை நம்ப மறுக்கிறது. இதை எழுதுவதால் நம்பிவிடும் என்ற எண்ணம் எனக்கும் இல்லை. மாரிசெல்வி அடுத்த வாரம் உப்பளத்துக்குப் போகிறாள்.

திரும்பும் வழியில் கொம்பையாவைப் பார்த்தேன். மற்ற வீடுகளுக்கு மாரிசெல்வி என்ன சொன்னாளோ தெரியாது. இவரிடம் மட்டும், “மாமா, ஒங்க எட்டுப் படி விதைய நான் தாரேன்” என்று சொல்லியிருக்கிறாள். வீட்டில் இட்லிக்கு வைத்திருந்த முழு உளுந்தை அள்ளிக் கொடுத்ததில் மூன்று படி தேறியது. அதையும் விதைத்து இருபது நாளாகிறது. காலால் மண்ணைக் கிளறிக் காட்டினார். போட்டது போட்டபடி கிடந்தது.

“மழைதான் இல்லையே, இனி விதை வந்து என்ன செய்ய? மீதியை விட்டுருங்களேன்” என்றேன்.

“மழை அவ பாக்கியா? அவ பாக்கி அஞ்சு படி” என்றார் கொம்பையா. “தாரேன்னு சொல்லியிருக்கா. இன்னும் தரல.”