செருப்புக்குக் காவல்

புதுச்சேரியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு உறவுக்காரர்களுக்குப் பஞ்சமே இருக்காது. மே மாதம் பிறந்தால் போதும், "சும்மா உங்கள பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்று பெட்டி படுக்கையோடு இறங்குவார்கள். எங்களைப் பார்க்க ஐந்து நிமிடம், கடலைப் பார்க்க ஐந்து நாள். வருகிற ஆண்களுக்குக் கடலைத் தவிர இன்னோர் ஈர்ப்பும் எங்கள் ஊரில் உண்டு. அதை நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

நான் மழலையர் பள்ளி ஆசிரியை. பள்ளிக்கு விடுமுறை விடுவதும் முத்தியால்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நிற்பதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடக்கும். அதன் பிறகு விடிந்ததும் வைத்திக்குப்பம் போய் மீன் வாங்குவதில் என் நாள் தொடங்கும். இவருக்கு வஞ்சிரம், அவருக்கு இறால், குழந்தைகளுக்கு முள் இல்லாத எதுவோ. சாயங்காலம் கடற்கரைச் சாலை. மறுநாள் மஞ்சள் சுவர் வீடுகளின் முன்னால் நின்று போட்டோ. அதற்கடுத்த நாள் நோணாங்குப்பம், படகு சவாரி.

அந்தப் படகில் நான் இதுவரை ஏறியதில்லை. சாப்பாட்டுக் கூடை, மாற்றுத் துணிப் பை, எல்லாருடைய செருப்பு என்று கரையில் ஒரு குவியல் சேர்ந்துவிடும். அதற்கு யாராவது காவல் இருந்தாக வேண்டும் அல்லவா? வீட்டுக்காரி நான்தானே. அவர்கள் மணல்திட்டுக் கடற்கரைக்குப் போய் ஆடிவிட்டுத் திரும்பும்வரை நிழல் தேடி நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்திருப்பேன்.

குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் வராத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஆனால் இந்த ஆண்டு உடம்பு அலுத்துப்போயிருந்தது. மனதும்தான். எங்கேயாவது போய், யாரோ போட்டுக் கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டு, கையை வீசிக்கொண்டு எதையாவது வேடிக்கை பார்க்க வேண்டும் என்று வெறியே பிடித்துவிட்டது. ஏப்ரலில் ஒருநாள் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன்.

"இந்த வருஷம் நான் விருந்தாளியா போறேன். தஞ்சாவூர் பெரிய கோயில பாக்கணும். வர்றவங்க வாங்க."

என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்த கையோடு பார்த்தார். "மே மாசத்துல தஞ்சாவூரா? கல்லு காயுமே."

"இங்க அடுப்புல காயறதுக்கு அது தேவல."

கல்லூரியில் படிக்கும் மகள் உடனே என் கட்சியில் சேர்ந்துகொண்டாள். சிதம்பரம், கும்பகோணம் வழியாக எந்தப் பஸ், அரண்மனைக்கு எப்போது போவது, கோயிலுக்கு வெயில் தாழ்ந்ததும்தான் என்று போனிலேயே எல்லாவற்றையும் திட்டம் போட்டுவிட்டாள். தங்குவது எங்கே என்ற இடத்தில்தான் சிக்கியது. ஏனென்றால் தஞ்சாவூரில் என் நாத்தனார் இருக்கிறாள், என் வீட்டுக்காரரின் தங்கை; அவருக்கு அவள் இன்னும் 'பாப்பா'தான். ஆண்டு தவறாமல் மே மாதம் குடும்பத்தோடு வருபவள் அவள்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரர் இருக்கிற ஊரில் லாட்ஜில் தங்கினால் அது அவர்கள் வாசலில் நின்று திட்டுவதற்குச் சமம். தெரிந்தால் கல்யாணம் காட்சிவரை அந்தப் பேச்சு தொடரும். அவள் வீட்டில் தங்கினாலோ என் கதி எனக்குத் தெரியும். போன அன்றே முந்தானையைச் செருகிக்கொண்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவேன். ஊர்தான் மாறும், வெங்காயம் அதேதான். அதனால் லாட்ஜில்தான் தங்குவது, அவளிடம் எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்பதை நான் யோசித்து வைக்கிறேன், அதுவரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவானது.

நான் இன்னும் யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் என் வீட்டுக்காரர் போனில் பேசும் சத்தம் கேட்டது.

"பாப்பா, உங்க ஊர்ல சுத்தமான லாட்ஜ் எதும்மா? உங்க அண்ணி பாத்ரூம் நல்லா இல்லன்னா ஒத்துக்க மாட்டா."

கையிலிருந்த கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் பேசி முடித்திருந்தார்.

"யார்கிட்ட பேசினீங்க?"

"பாப்பாகிட்டதான். அந்த ஊர்க்காரங்களுக்குத்தான தெரியும்?" என்றார், வெகு புத்திசாலித்தனமாக.

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. சரிண்ணான்னு வெச்சிட்டா."

அந்த 'சரிண்ணா' எனக்குச் சரியாகப் படவில்லை. தினமும் காலையில் பூப்படம் போட்டு வணக்கம் அனுப்புகிறவள் மறுநாள் அனுப்பவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. என் வீட்டுக்காரரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். கோயிலும் வேண்டாம் குளமும் வேண்டாம், அவள் என்னைத் தப்பாக நினைக்காமல் இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது. எனக்குக் கூடப்பிறந்தவள் கிடையாது. மே மாதத்தில் என்னோடு உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டே ஊர்க்கதை பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் போன் வந்தது. அண்ணனுக்கு அல்ல, எனக்கு.

"அண்ணி, லாட்ஜ் பாத்துட்டேன்."

அடுப்பைத் தணித்துவிட்டு உட்கார்ந்தேன்.

"நாலஞ்சு எடம் ஏறி எறங்கினேன். ஒரு எடத்துல பாத்ரூம் வாடை கொடலப் பொரட்டுது. இன்னொண்ணுல ஜன்னலே இல்ல. கோயிலுக்குக் கிட்டக்கவே ஒண்ணு சுத்தமா இருக்கு. தண்ணியத் தொறந்து உட்டே பாத்துட்டேன். காலைல ரூமுக்கே காப்பி குடுப்பாங்களாம்."

"உனக்குக் கோவமில்லியாம்மா?"

"மொதல்ல பொசுக்குன்னுதான் வந்திச்சி. அப்பறம் யோசிச்சேன். எங்கூட்டுக்கு வந்தா நீங்க சும்மா ஒக்காருவீங்களா? அதனால லாட்ஜ்லயே தங்குங்க. எங்க மாமியார் கேட்டா மட்டும், ஆபீஸ் குடுத்த ரூமு, தங்கித்தான் ஆவணும்னு அண்ணன சொல்லச் சொல்லுங்க. அவரு வாயத் தொறந்து வேற எதயாவது ஒளறி வெக்கப்போறாரு."

சிரித்தேன். போனை வைக்கப் போனவள் தயங்கி மறுபடி பேசினாள்.

"அண்ணி, பெரிய கோயில்ல செருப்ப நான் பாத்துக்கறேன். நான் எத்தினியோ வாட்டி பாத்த கோயிலுதான். நீங்க உள்ள போயி நிதானமா பாத்துட்டு வாங்க. வருசா வருசம் போட்லேர்ந்து திரும்பிப் பாக்கறப்பல்லாம் நீங்க எங்க செருப்புக்கு நடுவுல ஒக்காந்திருப்பீங்க. வாங்க அண்ணின்னு ஒரு நாளும் கூப்புடலயேன்னு நெனச்சிக்குவேன்."

"அதனால என்னம்மா" என்றேன். பிறகு அடுப்படியில் போய் நின்று நன்றாக அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்று இத்தனை ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பார்த்திருக்கிறாள். இதைவிடப் பெரிய விருந்து எனக்கு யார் போட்டுவிட முடியும்?

கிளம்புவதற்கு முதல் நாள் நேரு வீதிக்குப் போய்ப் புதுச் செருப்பு ஒரு ஜோடி வாங்கி வந்தேன். பழுப்பு நிறம், லேசாகக் குதி வைத்தது. என் வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கோயிலுக்குப் போறப்ப யாராவது புதுச் செருப்பு போடுவாங்களா? எவனாவது மாட்டிக்கினு போயிடுவான்."

"போவாது. அங்க எனக்குக் காவலுக்கு ஆள் இருக்கு" என்றேன்.