விளாங்குடி பஸ்ஸுக்கு வந்த திடீர் ஒழுக்கம்

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் புள்ளியியல் நடத்தினேன். சராசரி என்றால் கத்தரிக்காய் விலை, சிதறல் என்றால் ஹாஸ்டல் தோசைகளின் பருமன், இப்படித்தான் என் வகுப்பு ஓடும்.

விளாங்குடியிலிருந்து வரும் ஒருத்தி மட்டும் முதல் வகுப்புக்குத் தினமும் தாமதம். கேட்டால், "பஸ்ஸு லேட்டு மிஸ்." எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வருகைப்பதிவு குறைந்து, பரீட்சையே எழுத முடியாத நிலைமைக்கு வந்துவிட்டாள். முதல்வரம்மாவிடம் பரிந்து பேசினால், "ஆதாரம் கொண்டாங்க, பாப்போம்" என்றார்.

"சும்மா புலம்பாதடி. ஒரு வாரம் ஸ்டாப்புல நின்னு, பஸ் வர்ற நேரத்தை எழுது. புள்ளியியல் பின்ன எதுக்கு இருக்கு?" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினேன்.

வாரம் முடிந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். பஸ் ஒருநாள்கூடத் தாமதமில்லை!

"சத்தியமா முந்தி லேட்டாத்தான் வரும் மிஸ். இப்ப என்னை மாட்டிவிடணும்னே வருது." வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்கும் சந்தேகம்தான். ஆனாலும் அழுத முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல், மறுநாள் நானே போய் அவளோடு நின்றேன்.

பஸ் டாண் என்று வந்தது. வாட்சும் பேனாவுமாக நின்றவளைப் பார்த்துக் கண்டக்டர் படியிலிருந்தே கும்பிட்டார்.

"தாயி, இன்னைக்கும் கரெக்ட் டயம். மேலிடத்துக்கு நல்லபடியா எழுதுங்க. டிரைவர் அண்ணன் டீ கூடக் குடிக்காம வாராரு!"

அட கடவுளே! இவளைச் செக்கிங் ஆள் என்றல்லவா நினைத்திருக்கிறார்கள்!

அடுத்த வாரம் பேனாவை ஒளித்துக்கொண்டு, எதிரே கடை மறைவில் நின்று பார்க்கச் சொன்னேன். முதல் நாள் பஸ் சரியாக வந்தது. ஆளைக் காணோம் என்றதும் மறுநாளிலிருந்து பழைய குருடி கதவைத் திறடிதான். இரண்டு வாரக் கணக்கையும் முதல்வரம்மா முன்னால் வைத்தேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பரீட்சைக்கு அனுமதி கொடுத்தார். எனக்கே பாஸான மாதிரி சந்தோஷம். அவள் மறுபடி பேனாவோடு ஸ்டாப்பில் நிற்க, பஸ்ஸும் ஒழுங்காக வந்தது.

ஆனால் நான் வருவது ஆனையூர் பஸ்ஸில். அங்கே எழுத ஆளில்லை. ஒருநாள் மூச்சிரைக்க வகுப்புக்குள் நுழைந்து, "பஸ் லேட்டு" என்றேன்.

விளாங்குடிக்காரி வாட்சைப் பார்த்தாள். பேனாவைத் திறந்தாள். அவளைப் பார்த்து மொத்த வகுப்பும் பேனாவைத் திறந்தது.

"அடியே, டீ கூடக் குடிக்காமத்தான் வாரேன்டி!" என்று கத்தினேன்.