ஐந்து விலாங்கு, இரண்டு சூரை

புறப்படும்போது டிரம்மில் நாற்பத்தெட்டு விலாங்குகள் இருந்தன. மறுநாள் காலை, சூரை மீன் ஓடும் ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்தபோதும் நாற்பத்தெட்டு. ஒன்றுகூடக் குறையாமல் பார்த்துக்கொண்டதுதான் நான் செய்த பிழை.

காசிமேட்டு மீன்பிடி லாஞ்சில் இருபத்தாறு வருடம் எஞ்சின் பார்த்தவன் நான். பி.யு.சி. படித்தவன் என்பதால் ஐஸ் பெட்டி, தண்ணீர்க் கேன், தூண்டில் முள் எல்லாவற்றையும் எண்ணி வைப்பதும் என் பொறுப்பு. டிரைவர் சேசு என்னைவிட இருபது வயது இளையவன். பதினான்கு வருடம் ஒன்றாகக் கடலுக்குப் போனோம்.

வலையை விட்டுவிட்டுத் தூண்டிலில் பெரிய சூரை பிடிக்கலாம் என்று ஓனரிடம் ஓயாமல் கேட்டவன் அவன்தான். உயிருள்ள விலாங்கு முள்ளில் மாட்டிய பிறகும் நெடுநேரம் நெளியும், சூரை நெளிவதைத்தான் துரத்தும் என்பான். ஓனர் ஒரே ஒரு நடை அனுமதித்தார். சரிப்பட்டால் லாஞ்சைத் தூண்டிலுக்கு மாற்றுவார். இல்லாவிட்டால் சேசு பஹ்ரைனில் மீன்பிடி போட் வேலைக்குப் போய்விடுவான். விசா வந்திருந்தது. அவன் போகக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

எண்ணூர் கழிமுகத்தில் பிடித்த விலாங்குகளை மூடிபோட்ட நீல டிரம்மில் வைத்தோம். அவ்வப்போது தண்ணீர் மாற்றினால் போதும் என்றான் சேசு. என்னால் அதோடு விட முடியவில்லை. ஒன்று செத்தால் தண்ணீர் கெட்டு மற்றவையும் சாகுமே. விலாங்குகள் கொத்தாகப் பின்னிக்கொள்ளும், பார்த்து எண்ண முடியாது. வழுக்காமல் இருக்கக் காய்ந்த துணியால் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பக்கத்து டிரம்முக்கு மாற்றி எண்ணினேன். மொத்தம் ஏழு முறை.

காலையில் சேசு முதல் விலாங்கைக் கையில் எடுத்தான். அது நழுவவே இல்லை. என் தோளில் கிடந்த துணியைப் பார்த்தான்.

"இத்த வச்சா பிட்ச்ச?"

ஆமாம் என்றேன்.

"அந்த வழவழப்புதான் நைனா அதுக்கு உசுரு. மொத்தத்தையும் தொட்ச்சு எட்த்துட்ட." பிறகு சிரித்தான். "எண்ணிக்க மட்டும் கரெக்டா கீது."

திட்டியிருந்தால் தேவலை.

தெம்போடு நெளிந்தவை ஐந்து. அவற்றை முதல் ஐந்து முள்ளில் மாட்டினான். இரண்டில் பெரிய சூரை விழுந்தது. துவண்டுபோன மற்ற நாற்பத்து மூன்றும் மாட்டியபடியே திரும்பி வந்தன.

கரையில் ஓனர் கேட்டார்: "ரெண்டு மீனுக்கா இம்மாந்தூரம் போய்கினு வந்தீங்க?"

"வெயிலு தாங்காம எரை சோர்ந்துட்ச்சு ஓனர்" என்றான் சேசு.

நான் பக்கத்தில் நின்றிருந்தேன். ஐந்துக்கு இரண்டு என்று சொல்லியிருந்தால் இன்னொரு நடை கிடைத்திருக்கும். மீதி ஏன் சோர்ந்தது என்ற கேள்வியும் வந்திருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கணக்கு சேசுவுக்கும் தெரியும். எனக்காக அதை விழுங்கிவிட்டான். அந்த மாதமே பஹ்ரைன் போனான்.

சூரைத் தூண்டிலுக்குப் புதிதாகப் போகிறவர்கள் விலாங்கை ஈரக் கையால், முள்ளில் மாட்டும்போது மட்டும் தொடுங்கள். கணக்குத் தெரிந்தவர்கள், அதைக் கேட்க வேண்டியவர் எதிரில் நிற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ஞாயிறுதோறும் சேசு போன் பண்ணுகிறான். "இன்னா நைனா, இப்ப இன்னா எண்ணிகினு கீற?" என்பான். கரைக்குத் திரும்பும் லாஞ்சுகளை என்பேன்.

அவன் போய் இருநூற்று எண்பத்து மூன்று ஞாயிறுகள் ஆகின்றன.