மாமா நாற்காலியை நகர்த்திய மத்தியானம்

நான் கல்யாணமாகி நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்கு வந்தபோது ஆட்சி மாறியிருந்தது. குத்தகைக்காரர்கள் தங்கள் பெயரைத் தாசில்தார் ஆபீசில் பதிந்துகொள்ளலாம் என்று புதுச் சட்டம் வரப்போவதாகப் பேச்சு. என் மாமனாருக்கு ஊரில் பாதி நிலம். சட்டம் வருவதற்குள், வாய்க்கால் கரை வயலைத் தன் அப்பா காலத்திலிருந்து பயிரிட்டு வந்த ஒருவரை அவர் வெளியேற்றிவிட்டார். அந்த மனிதர் வாசலில் வந்து நின்று கெஞ்சினார். நான் அவரைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் ஜன்னல் வழியாக. தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். மாமா, "போடா, இனிமே இங்க வராத" என்றார்.

ஆடி முடிவதற்குள் அவர் உடல் மதகில் வந்து ஒதுங்கியது. வழுக்கி விழுந்தார் என்றார்கள், குதித்துவிட்டார் என்றும் சொன்னார்கள். எங்கள் வீட்டில் யாரும் அவரைப் பற்றிப் பேசவில்லை.

ஐப்பசியில் கூலித் தகராறு. எங்கள் வயலில் ஆட்கள் இறங்கவில்லை. கணவர் ஒரு வழக்கு விஷயமாகத் தஞ்சாவூர் போயிருந்தார். மாட்டுக்காரனும் வராததால், மழை விட்ட ஒரு காலையில் மாமாவே மாடுகளைத் திடலுக்கு ஓட்டிப் போனார். திரும்பி வரும்போது துண்டு நிறையக் காளான். வைக்கோல் போரில் முளைப்பதைத்தான் வழக்கமாகச் சமைப்போம். இது சாணத்தின் மேல் முளைத்தது. கிள்ளிய இடமெல்லாம் நீலமாகக் கன்றிப்போயிற்று. மிளகு தட்டிப்போட்டு வதக்கினேன். அத்தைக்கு அன்று விரதம். மாமாவும் நானும் மட்டும் சாப்பிட்டோம்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. பிறகு கொல்லைச் சுவர் மெதுவாக மூச்சு விடுவதைக் கண்டேன். வயலின் பச்சை கொல்லைக் கதவு வழியாக உள்ளே வந்து என் கைகளில் ஏறியது. தவளைச் சத்தத்துக்கு ஒரு நிறம் இருந்தது. என் உடம்பு எங்கே முடிந்து தரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தெரியவேண்டும் என்றும் தோன்றவில்லை. எப்படியோ கூடத்துக்கு வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

மாமா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். வாசல் பக்கம் பார்த்து, "வாங்க, உள்ள வாங்க" என்றார். எனக்கும் அந்த மனிதர் தெரிந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றார். மாமா தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார். அத்தை அடுப்படியிலிருந்து ஓடி வந்து, யாருமில்லையே, யாரிடம் பேசுகிறீர்கள் என்று அவரை உலுக்கினாள்.

சாயங்காலத்துக்குள் எல்லாம் தெளிந்துவிட்டது. நீடாமங்கலத்திலிருந்து வந்த டாக்டர், காளான் விஷம், மூளை கலங்கிக் கண்டதும் தெரியும் என்று சொல்லி மோர் குடிக்கச் சொன்னார்.

மறுநாள் காலையில் காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது மாமா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"நீயும் பாத்தியாம்மா?"

"பாத்தேன் மாமா."

காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "தலை துவட்ட ஒரு துண்டாவது குடுத்திருக்கலாம்" என்றார்.

அந்த மனிதரின் தலை நனைந்திருந்ததை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அந்த வாரமே மாமா, நிலத்தைக் கவனித்துக்கொள்ளும் காரியக்காரரை அனுப்பி, செத்தவரின் மனைவியிடம் வயலைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னார். எங்கள் வீட்டில் நடந்தது அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. "வீட்டுக்கு வந்தாராமே, அவரையே உழச் சொல்லுங்க" என்று அந்த அம்மாள் பதில் சொல்லியனுப்பினாள். பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருக்காட்டுப்பள்ளியில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மாமா அதற்குப் பிறகு யாரையும் 'டா' போட்டுக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. குத்தகை வழக்குகளைக் கணவர் பார்த்துக்கொண்டார். அவற்றில் சில ஜெயித்தன.

மருத்துவம் படித்த என் மகன், அந்தக் காளானில் இருக்கும் ஒரு பொருள் மூளையில் என்ன செய்யும் என்று படம் போட்டு விளக்கியிருக்கிறான். அவன் சொல்வது சரியாகத்தான் இருக்கும். சுவர் மூச்சு விட்டதையும் சத்தத்துக்கு நிறம் வந்ததையும் அந்தப் பொருள் செய்திருக்கலாம். ஆனால் அந்த மனிதரைக் காளான் கொண்டுவரவில்லை. அவர் ஆடியிலிருந்தே எங்கள் வீட்டில் இருந்தார்; அவர் இருப்பதைத் தெரியாததுபோல் நடமாட எங்களுக்குப் பழகியிருந்தது. அன்று சில மணி நேரம் அந்தப் பழக்கம் எங்களை விட்டுப் போயிருந்தது. அவ்வளவுதான் என்று சில நாள் தோன்றும். ஆனால் ஒரே ஒரு தடவை ஜன்னல் வழியாகப் பார்த்த முகம், அன்று கண்ணில் படாத கன்னத்து மருவோடு எனக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தால் அந்த விளக்கமும் நிற்காது.

அவர் நின்றபோது எனக்குக் கொஞ்சமும் பயமில்லை. உட்காரட்டும் என்றுதான் நினைத்தேன். பயம் மறுநாள்தான் வந்தது. இன்றும் ஐப்பசி மழை விட்டுச் சுள்ளென்று வெயில் அடித்தால், வாசல் பக்கம் திரும்பாமல்தான் கூடத்தைக் கடக்கிறேன்.