பூஜ்யத்துக்கு ஒரு நட்சத்திரம்

திருச்சியில் நான் பேசிக் படித்த கணினி, சொன்னதைச் செய்து முடித்ததும் ‘ஓகே’ என்று திரையில் எழுதிவிட்டு அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். கடல் தாண்டி வந்து சேர்ந்த ரந்தாவ் பக்கத்து ரப்பர்த் தோட்ட ஆபீசில் இருந்த மெஷினோ ‘ரெடி’ என்றது. இரண்டும் பேசிக்தான். கணினிக்கு வேலை சொல்லப் புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்றே உண்டான சுலபமான மொழி. ஆனால் மெஷினுக்கு மெஷின் அதன் நடத்தை கொஞ்சம் மாறும். இங்குள்ள தமிழும் நம்முடையதுதானே, கடைசியில் ஒரு ‘லா’ சேர்கிறது, அவ்வளவுதான் என்று அதையும் லேசாக எடுத்துக்கொண்டேன். அந்த அலட்சியத்துக்கு அடி வாங்கியது நான் அல்ல.

எண்பதுகளின் நடுவில் அத்தை மகளைக் கட்டிக்கொண்டு ரஹாங்கில் குடியேறி, அந்தத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் எழுத்தராகச் சேர்ந்தேன். மேனேஜரின் மகன் விளையாடிச் சலித்துப் போட்ட மெஷின் என் மேசைக்கு வந்தது. விடிகாலையில் தொழிலாளர்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதை இங்கே ‘பெரட்டு’ என்பார்கள். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் கெட்ட வார்த்தையோடுதான் பெயர் கூப்பிடுவார். தாமதமாக வந்தவன் முதுகில் குடைக்காம்பு விழும். கடந்த ஆறு மாதத்தில் யார் எத்தனை நாள் பெரட்டுக்கு வரவில்லை என்று பலகையில் ஒட்டச் சொன்னார் மேனேஜர். படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியட்டுமென்று, வராத ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நட்சத்திரம் அச்சிட வைத்தேன். திருச்சி நோட்டில் இருந்த கட்டளை வரிகளை அப்படியே தட்டினேன். என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கே மயக்கம்.

தாளை ஒட்டிய காலையிலேயே பால்வெட்டும் லெட்சுமி ஆபீசுக்கு வந்தாள். அவள் பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரம்.

“கிராணியய்யா, நான் ஒருநாளும் வராம இருந்ததில்ல. எந்த நாளுன்னு பாத்துச் சொல்லுங்க.”

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா,” என்றேன். வருகையைக் கையால் குறிக்கும் செக்ரோல் புத்தகம் என் முழங்கையடியில் கிடந்தது. திறக்கவில்லை.

அவள் புருஷன் மணியம், லாரி ஓட்டுபவன், பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். “தெனமும் இருட்டோட கெளம்புற. அன்னிக்கு எங்கடி போன? எவன்கிட்ட போன?” பெல்ட்டை உருவினான். இரும்புப் பக்கம் முகத்தில் விழுந்தது. தலைமுடியைச் சுற்றிப் பிடித்து என் மேசை விளிம்பில் மோதினான். தாளெல்லாம் ரத்தம். எழுந்த என்னை மண்டோர் தோளைப் பிடித்து உட்கார்த்தினார்.

“புருசன் பொண்டாட்டி வெசயம் லா. நீங்க ஊருக்குப் புதுசு.”

உட்கார்ந்துவிட்டேன். வெட்கங்கெட்டவன் நான்.

அவளை இழுத்துக்கொண்டு போன பிறகுதான் செக்ரோலைத் திறந்தேன். ஆறு மாதத்தில் ஒருநாள்கூடத் தவறாதவள் அவள் ஒருத்திதான். பூஜ்யம். ‘ஒன்றிலிருந்து பூஜ்யம் வரை நட்சத்திரம் போடு’ என்றால், ஒன்றுமில்லை என்று திருச்சி மெஷின் தாண்டிப் போய்விடும். இந்த மெஷின் முதலில் ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் எதுவரை என்று பார்க்கும். நான் பூஜ்யத்தை வைத்துச் சோதித்ததே இல்லை.

மறுநாள் பெரட்டில் எல்லோர் முன்னாலும் தப்பு என்னுடையது என்று சொன்னேன். “மெசின் தப்புன்னா நான் என்ன செய்யிறது?” என்று மணியம் லாரியில் ஏறினான். வரிகளைத் திருத்திப் புதுத் தாள் அடிக்க உட்கார்ந்தபோது அன்றைய வருகையையும் சேர்க்கச் சொல்லி செக்ரோல் வந்தது. லெட்சுமி சிரம்பான் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்; ‘வரவில்லை’ என்று மண்டோர் குறித்திருந்தார். திருத்திய மெஷினும் அவளுக்கு ஒரு நட்சத்திரம் போட்டது.

தாடையில் கட்டோடு திரும்பி வந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “ஒங்க ஊரு மெசினும் இப்படித்தான் செய்யுமா?” என்று கேட்டாள்.

“இல்ல. அங்க சரியா இருக்கும்.”

“அப்ப அங்கயே இருந்திருக்கலாம் லா,” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

சில வருடம் கழித்துத் திருச்சிக்கு வந்தபோது, நான் பேசிக் படித்த அந்தப் பழைய வகுப்புக்குப் போனேன். அதே வரிகளைத் தட்டி, பூஜ்யம் கொடுத்தேன். திரையில் ஒன்றும் விழவில்லை. ‘ஓகே’ என்றது. அங்கே நான் ஒரு தப்பும் செய்யாதவன். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து, அந்த நட்சத்திரம் விழுகிற ஊருக்கு விமானம் ஏறினேன்.