கண்ணாடி துடைக்கும் ஞாயிறு

சர்ச்சில் வரிசை எழுந்ததும் ஈவ்லின் டீச்சர் கைப்பையைத் திறந்து கண்ணாடித் துணியைத் தேடுகிறார். முழங்கால்களை ஒரு பக்கமாக ஒதுக்கி, உள்ளே இருப்பவர்களுக்கு வழி விடுகிறார். அவர்கள் பீடத்தின் முன் முழங்காலிட்டு, அப்பமும் திராட்சை ரசமும் வாங்கிக்கொண்டு திரும்பி வரும்வரை துடைக்கிறார். சேலையூரில் அவ்வளவு சுத்தமான மூக்குக்கண்ணாடி வேறு யாரிடமும் இருக்க முடியாது. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. மற்ற ஞாயிறுகளில் கண்ணாடி எப்படி இருந்தாலும் அவருக்குத் தெரிகிறது.

கேம்ப் ரோட்டை ஒட்டிய ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. ஞாயிறு காலையில் சர்ச்சில் சண்டே கிளாஸ். பாவம் என்றால் என்னவென்று சொல்ல அவர் வேதாகமத்தை உடனே திறப்பதில்லை. டம்ளர் தண்ணீரில் ஊசிமுனை அளவு பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைப் போடுகிறார். டம்ளர் முழுவதும் ஊதாவாகிறது. "சின்னப் பாவம்னு ஒண்ணு கிடையாது. இப்ப இதை யாரு குடிக்கறீங்க?" இதுவரை யாரும் கை தூக்கியதில்லை.

"பலன் வரும்" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் சொல். போனுக்கு சார்ஜ் போடாமல் தூங்கினால் பலன் வரும். கொண்டைக்கடலையை ஊறவைக்க மறந்தால் பலன் வரும். ராங் சைடில் பைக்கில் வருபவனிடம் ஸ்கூட்டரை நிறுத்தி, கோபமே இல்லாமல், மருந்துச் சீட்டு எழுதிக் கொடுப்பதுபோல் சொல்வார்: "தம்பி, பலன் வரும்."

மாடி வீட்டு யக்ஞநாராயணன் ஒருமுறை கேட்டார். "இதைத்தானே டீச்சர் நாங்க கர்மான்னு சொல்றோம்?"

"உங்களுக்கு அரியர் எழுத அடுத்த ஜென்மம் இருக்கு சார். எங்களுக்கு ஒரே அட்டெம்ப்ட்."

இப்படிப்பட்டவர் திருவிருந்துப் பந்திக்கு எழாமல் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம், இரண்டு வரிசை முன்னால் உட்காரும் புஷ்பம். டீச்சருடைய கொழுந்தனின் மனைவி.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ஜெபம் பண்ணப் புஷ்பத்தை அழைத்தார்கள். உலக சமாதானத்தில் தொடங்கி, தாம்பரம் மேம்பால நெரிசலைக் கடந்து, டீச்சரின் ஒரே மகன் ஷெர்வினிடம் வந்து நின்றது ஜெபம். ஆண்டவரே, அவனைக் குடியிலிருந்து விடுதலையாக்கும் என்றாள். பெட்ரோல் பங்குக்கு எதிரில் இருக்கும் கடைக்கு அவன் கால்கள் போகாதிருக்கட்டும் என்றாள். ஆண்டவருக்கு வழி தெரியாதோ என்ற கவலை போலிருக்கிறது. கூட்டம் ஆமென் என்றது. ஷெர்வினுக்குப் பெண் தருவதாகப் பேசிக்கொண்டிருந்த வீட்டார் மறுவாரம், "நாங்களும் ஜெபிச்சுட்டுச் சொல்றோம்" என்றார்கள். இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"நான் என்னக்கா தப்பா சொன்னேன்? ஜெபம்தானே பண்ணேன்" என்று புஷ்பம் வாசல்வரை வந்து அழுதாள்.

"ஜெபத்துக்குக் கண்ணை மூடணும். நீ மைக்கை இல்ல பிடிச்சுகிட்டே."

அதுதான் கடைசிப் பேச்சு.

மனத்தாங்கலோடு பந்திக்கு வருகிறவர் ஆக்கினைத் தீர்ப்பைத் தானே வரவழைத்துக்கொள்கிறார். ஆகவே முதலில் போய்ச் சமாதானம் பேசி ஒப்புரவாகு, பிறகு வா என்பது போதனை. டீச்சர் ஒப்புரவாகவில்லை, அதனால் வரவில்லை. கீழ்ப்படியாமல் இருப்பதற்கு இவ்வளவு ஒழுங்கான கீழ்ப்படிதலை வேறு யாரும் கண்டுபிடித்ததில்லை. போதகர் தேவானந்தம் வீட்டுக்கே வந்து பார்த்தார். "மன்னிச்சிடலாமே டீச்சர்."

"மன்னிச்சிட்டேன்னு பொய் சொல்லிட்டு வந்தா அது ரெண்டாவது பாவம் பாஸ்டர்."

போதகர் காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

ஷெர்வினுக்குக் கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை. போன லெந்து நோன்பு நாட்களில் குடியை நிறுத்தினான். ஈஸ்டர் போன பிறகும் தொடங்கவில்லை. அத்தனை நாளும் பந்திப் பக்கம் போகாதிருந்தவன், ஒரு திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் பேச்சை எடுத்தான்.

"நாளைக்கு நான் கம்யூனியன் எடுக்கலாம்னு இருக்கேம்மா. நீயும் வா."

டீச்சரின் கை தட்டிலேயே நின்றது. இதற்காகத்தான் அவர் விடிகாலைதோறும் எழுந்து முழங்காலில் நின்றது. மைக் இல்லாமல்.

"நீ போ கண்ணா. போதும் எனக்கு."

"சித்தி சொன்னது பொய் இல்லையேம்மா."

"பொய்னு நான் சொன்னேனா? மைக்குல சொல்லணுமான்னுதான் கேக்கறேன்."

"நான் பாட்டிலை விட்டுட்டேன். நீ சித்தியை விடமாட்டேங்கற." சாதத்தைப் பிசைந்தான். "நீ வரலைன்னா நானும் போகலை. ரெண்டு பேரும் உட்கார்ந்து கண்ணாடி துடைப்போம்."

"நீதான் கண்ணாடியே போடறதில்லையே."

"உன்னுதையே மாத்தி மாத்தித் துடைக்கலாம்."

மறுநாள் வரிசை எழுந்தது. டீச்சர் கைப்பையைத் திறந்தார். ஷெர்வின் எழவில்லை. இரண்டு ஜோடி முழங்கால்களைத் தாண்டி ஆட்கள் பக்கவாட்டில் நடந்து போனார்கள். டீச்சர் துடைக்கத் தொடங்கினார். சற்றுப் பொறுத்து, துணிக்காக அவன் கையை நீட்டினான். குடித்த நாட்களில் காலைக் காபி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் நடுங்கிய கை. இப்போது அசையாமல் நீண்டிருந்தது, தன் முறைக்குக் காத்துக்கொண்டு.

டீச்சர் துணியை அவனிடம் கொடுக்கவில்லை. பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். முந்தானையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு எழுந்தார். பின்னாலேயே ஷெர்வினும்.

பந்தியில் மிச்சமிருந்த இடம் புஷ்பத்துக்குப் பக்கத்தில்தான். முழங்கால் வலிக்காரி, அப்போதுதான் கம்பியைப் பிடித்து மெல்ல இறங்கியிருந்தாள். பக்கத்தில் யார் என்று பார்த்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். அவளுடைய வழுவழுப்பான புடவைத் தலைப்பு தலையிலிருந்து நழுவித் தோளில் விழுந்தது. கைகளை முன்னமே நீட்டிவிட்டதால் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்பத் தட்டோடு போதகர் இன்னும் இரண்டு பேருக்கு அப்பால் இருந்தார்.

டீச்சர் அந்தத் தலைப்பை எடுத்தார். புஷ்பத்தின் தலைமேல் போட்டு, தேவைக்குக் கொஞ்சம் கூடுதலான அழுத்தத்தோடு காதுக்குப் பின்னால் செருகினார். பிறகு அப்பத்துக்காக வலது கையை இடது கைமேல் வைத்து நீட்டினார்.